எலயும் இலையும்: எழுத்துக்கு முன்னால் வரும் பேச்சு

அங்கன்வாடிச் சுவரில் உயிரெழுத்து அட்டை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. மணி பதினொன்று இருக்கும். அடுப்படியிலிருந்து பருப்பு வேகும் வாசனை வந்தது. டீச்சர் குச்சியால் மூன்றாவது படத்தைத் தொட்டு, “இது என்ன கண்ணு?” என்றார். நாலு வயதுச் சிறுமி ஒருத்தி எழுந்து, தயக்கமே இல்லாமல், “எல” என்றாள்.

“இலைன்னு சொல்லு.”

“இலை.”

சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். கொஞ்ச நேரத்தில் குச்சி ‘எ’ எழுத்துக்கு வந்தது. எலி படம். “எ-ல ஆரம்பிக்கிற வேற வார்த்தை யாருக்குத் தெரியும்?” என்று டீச்சர் கேட்டார். அதே சிறுமி துள்ளி எழுந்தாள். “எல!”

“தப்பு. இப்பத்தான சொல்லிக் கொடுத்தேன்?”

வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அந்த முகம் வாடியது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அவள் சொன்னதில் தப்பே இல்லை. அவள் காதுக்கு அந்தச் சொல் எகரத்தில்தான் தொடங்குகிறது. வீட்டில் அம்மா சொல்வதும் எல, வாழைத்தார் விற்கிறவர் சொல்வதும் எல. டீச்சரே மதியம் சாப்பிடக் கூப்பிடும்போது சொல்வதும் அதுதான்.

பேச்சுத் தமிழில் இதற்கு ஒரு விதி உண்டு. சொல்லின் முதலில் இகரமோ உகரமோ வந்து, அடுத்து ஒற்றை மெய்யோடு அகரமோ ஐகாரமோ வந்தால், முதல் உயிர் இறங்கி எகரமாகவும் ஒகரமாகவும் ஒலிக்கும். இடம் எடமாகிறது, விலை வெலயாகிறது, நிறம் நெறமாகிறது. குடம் கொடம், முகம் மொகம், உலகம் ஒலகம், உடம்பு ஒடம்பு. ஆனால் உப்பு உப்பாகவே இருக்கிறது, குட்டி குட்டியாகவே இருக்கிறது, இல்லை என்பதை யாரும் எல்லை என்று சொல்வதில்லை, ஏனென்றால் அங்கே மெய் இரட்டிக்கிறது. இந்த விதியை அந்தச் சிறுமிக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. நாலு வயதுக்குள் கேட்டுக் கேட்டுத் தானே பிடித்துக்கொண்டு, பிசகாமல் பின்பற்றுகிறாள். அதே அட்டையில் உகரத்துக்குப் பெரும்பாலும் உரல் படம் இருக்கும். கிராமத்துப் பாட்டி வாயில் அது ஒரல். மிக்சியும் கிரைண்டரும் வந்தபிறகு பிறந்த குழந்தைக்கு அந்தப் பொருளே தெரியாது. ஔகாரத்துக்கு ஔவையாரோ ஔடதமோ இருக்கும். நம் சுவர்களில் அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தொங்கும் இந்த அட்டை, குழந்தையின் வாயிலிருக்கும் தமிழைக் கேட்டுத் தயாரானதில்லை.

முன்பருவக் கல்வி என்றால் எழுத்தைச் சீக்கிரம் தொடங்குவது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். மூன்று வயதில் பென்சில், நாலு வயதில் இரண்டுகோடு நோட்டு. வாசிப்புக்கான அஸ்திவாரம் அதற்கு வெகுகாலம் முன்பே, பேச்சிலும் கேட்பதிலும் விழுந்துவிடுகிறது. தமிழ்க் குழந்தைக்கு அது இன்னும் கூடுதலான உண்மை, ஏனென்றால் அது பேசும் தமிழும் படிக்கப்போகும் தமிழும் ஒன்றல்ல.

ஒரே சமூகத்தில் ஒரு மொழியின் இரண்டு வடிவங்கள் வேலையைப் பிரித்துக்கொண்டு நடப்பதை மொழியியலார் இரட்டை வழக்கு என்பார்கள். சார்ல்ஸ் ஃபெர்குசன் 1959-இல் எழுதிய கட்டுரைதான் இந்தக் கருத்தைப் பரவலாக்கியது. அரபி, கிரேக்கம் போன்றவற்றோடு தமிழும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. “அவங்க வந்துட்டாங்க” என்று பேசுகிற குழந்தை, “அவர்கள் வந்துவிட்டார்கள்” என்று படிக்க வேண்டியிருக்கிறது. கால் என்று எழுதியிருக்கும், வாய் காலு என்னும். மரம் என்பதன் கடைசி மகரம் பேச்சில் மூக்கொலியாகக் கரைந்துவிடும், ஆனால் தாளில் புள்ளி வைத்த ம் முழுசாக நிற்கும். செய்தி வாசிப்பிலும் மேடைப் பேச்சிலும்தான் அந்தத் தாள்மொழி ஒலிக்கிறது. அம்மா மடியில் அது ஒலிப்பதே இல்லை. ஒன்றாம் வகுப்பில் முதல்முறையாக அதைச் சந்திக்கும் குழந்தை புதிய எழுத்துகளையும், பாதி புதிதான ஒரு மொழியையும் ஒரே நேரத்தில் சுமக்கிறது.

எழுத்தறிவு எப்போது தொடங்குகிறது என்பதில் உலகம் ஒருமுறை மனதை மாற்றிக்கொண்டிருக்கிறது. 1930-களில் அமெரிக்காவில், மனவயது ஆறரை ஆன பிறகே வாசிப்பைத் தொடங்க வேண்டும் என்ற கருத்து வலுவாக இருந்தது. பழம் பழுக்கும்வரை காத்திருப்பதுபோல் காத்திருந்தார்கள். நியூசிலாந்தின் மேரி கிளே 1966-இல் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் சமர்ப்பித்த ஆய்வேட்டில் குழந்தைகளை நெருக்கமாகக் கவனித்து வேறொன்றைச் சொன்னார். வாசிப்பு ஒருநாள் காலையில் தொடங்குவதில்லை, அது கொஞ்சம் கொஞ்சமாக முளைவிடுகிறது. புத்தகத்தை நேராகப் பிடிப்பது, பக்கத்தைப் புரட்டுவது, கதை படத்தில் மட்டும் இல்லை, அந்தக் கருப்புக் கோடுகளிலும் இருக்கிறது என்று உணர்வது, எல்லாமே வாசிப்பின் தளிர்கள். இதைச் சோதிக்க அவர் வேண்டுமென்றே தலைகீழாக அச்சிட்ட படமும், இடம் மாறிய வரிகளும் கொண்ட சின்னப் புத்தகம் ஒன்றைத் தயாரித்தார். “எங்கிருந்து படிக்க ஆரம்பிக்கணும், காட்டு” என்று கேட்டால் போதும், குழந்தை எந்த இடத்தில் நிற்கிறது என்பது விளங்கிவிடும்.

நம் வீட்டிலும் இதைப் பார்க்கலாம். இரண்டரை வயதுக் குழந்தை ரேஷன் கார்டை எடுத்து விரித்துவைத்துக்கொண்டு “ஒரு ஊர்ல ஒரு காக்கா” என்று படிக்கும். நாட்காட்டியில் கிறுக்கிவிட்டு, “தாத்தாவுக்கு லெட்டர் எழுதியிருக்கேன்” என்று சொல்லும். பேருந்தின் நிறத்தைப் பார்த்து, நம்பரைப் படிக்காமலே, ஊர்ப் பேரைச் சொல்லிவிடும். இவற்றைச் சிரித்துவிட்டுக் கடந்துவிடுகிறோம். உண்மையில் அதுதான் அந்த வயதுக்கு உரிய வாசிப்பும் எழுத்தும்.

வாசிப்பை இரண்டு திறன்களின் பெருக்கல் என்று 1986-இல் கஃப், டன்மர் என்ற ஆய்வாளர்கள் விளக்கினார்கள். ஒன்று, எழுத்தை ஒலியாக்கும் திறன். மற்றொன்று, கேட்டால் புரிந்துகொள்ளும் திறன். கூட்டலாக இல்லாமல் பெருக்கலாக இருப்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒன்று பூஜ்ஜியமானால் மொத்தமும் பூஜ்ஜியம். “காட்டில் ஒரு முயல் வசித்து வந்தது” என்று ஒரு பிள்ளை தடங்கலின்றி வாசிக்கும். “வசித்து வந்ததுன்னா என்ன?” என்று கேளுங்கள். “எங்கிருந்தோ வந்துச்சு” என்று பதில் வரும். வீட்டில் யாரும் வசிப்பதில்லை, எல்லோரும் இருக்கிறார்கள். ஒன்றிரண்டு வகுப்புகளில் இந்தக் குறை வெளியே தெரியாது, ஏனென்றால் பாடமே அம்மா, ஆடு, படம், பட்டம் என்று இருக்கும். நாலாம் வகுப்பில் பாடம் தண்ணீரின் சுழற்சியையும் சோழர் ஏரிகளையும் பேசத் தொடங்கும்போது, “நல்லாத்தான் படிச்சான், இப்ப என்னாச்சோ தெரியல” என்று பெற்றோர் கவலைப்படுவார்கள். அப்போது புதிதாக எதுவும் ஆகவில்லை, கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனில் எப்போதோ விழுந்த பள்ளம் அன்றுதான் கண்ணில் படுகிறது.

பேச்சு என்றால் எவ்வளவு பேச்சு? ஹார்ட், ரிஸ்லி என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இருவரும் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், கான்சாஸ் நகரில் 42 குடும்பங்களைப் பதிவுசெய்து, வசதியான வீட்டுக் குழந்தைக்கும் வறிய வீட்டுக் குழந்தைக்கும் பள்ளி வயதுக்கு முன்பே, காதில் விழும் சொற்களில் மூன்று கோடி இடைவெளி விழுந்துவிடுவதாகக் கணக்குப் போட்டார்கள். அந்த எண் உலகம் சுற்றியது. ஏழைத் தாய்மார்களுக்குப் பிள்ளைகளிடம் பேசத் தெரியாது என்ற பழிச்சொல்லும் அதோடு சேர்ந்து சுற்றியது. பின்னால் வேறு ஆய்வாளர்கள் வெவ்வேறு சமூகங்களில், அம்மா ஒருத்தி பேசுவதை மட்டும் எண்ணாமல், சுற்றியிருக்கும் அத்தனை பேரின் பேச்சையும் எண்ணிப் பார்த்தபோது அந்த இடைவெளி அப்படியே நிற்கவில்லை. நம் ஊர்த் திண்ணையில் வளரும் குழந்தையை நினைத்துப் பாருங்கள். பாட்டி, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா, பூக்காரம்மா என்று எத்தனை வாய்! அம்மாவின் வாயை மட்டும் வைத்து அந்தக் குழந்தையின் மொழியை அளப்பது நியாயமாகாது.

2018-இல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் நாலிலிருந்து ஆறு வயதுக்குட்பட்ட 36 குழந்தைகளின் வீட்டுப் பேச்சைப் பதிவுசெய்து, கதை கேட்கும்போது அவர்கள் மூளை வேலை செய்யும் விதத்தோடு ஒப்பிட்டார்கள். பெரியவர் கொட்டும் சொற்களின் எண்ணிக்கையைவிட, மாறி மாறி நடக்கும் பேச்சுப் பரிமாற்றம்தான் மொழித்திறனோடு அதிகம் ஒட்டி நின்றது. நான் ஒரு முறை கேட்ட பேச்சு இது. பாட்டி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார், நாலு வயதுப் பேரன் பக்கத்தில்.

“பாட்டி, இந்த எறும்பு எங்க போவுது?”

“எங்க போவும்னு நெனக்கிற?”

“வீட்டுக்கு.”

“வீட்டுல யாரு இருப்பா?”

“அதோட அம்மா. சோறு போடுவாங்க.”

“மழ வந்தா என்ன பண்ணும்?”

யோசித்தான். ஒரு முருங்கை இலையை எடுத்துத் தலைக்குமேல் பிடித்துக் காட்டி, “இதான் கொட” என்றான்.

ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அதற்குள் கண்முன் இல்லாத வீடு, நடக்காத மழை, ஒன்றை இன்னொன்றாகக் கொள்ளும் கற்பனை, எல்லாம் வந்துவிட்டன. “வந்தா” என்ற நிபந்தனைச் சொல்லை அவன் புரிந்துகொண்டு அதற்கேற்ற முடிவைச் சொல்கிறான். கண்முன் இல்லாததைச் சொற்களால் மட்டும் கட்டி எழுப்பும் இந்தப் பழக்கம்தான் புத்தகம் கேட்கும் பழக்கம். பாட்டி கேள்விக்கு உடனே பதில் சொல்லியிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். திருப்பிக் கேட்டார், காத்திருந்தார். கைபேசியில் ஓடும் பாட்டு எவ்வளவு நல்ல பாட்டாக இருந்தாலும் காத்திருக்காது. குழந்தை பதில் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அது தன்பாட்டுக்கு ஓடும்.

இந்தக் காத்திருப்புக்குத் தமிழில் பழைய பெயரே இருக்கிறது. கதை சொல்லும்போது கேட்கிறவர் உம் கொட்ட வேண்டும். “உம் கொட்டுனாத்தான் கதை” என்று பாட்டி கறாராகச் சொல்லிவிடுவார். குழந்தை தூங்கிவிட்டதா, கவனிக்கிறதா என்று பார்க்க மட்டும் இல்லை அது. கதையில் குழந்தைக்கும் ஒரு பங்கு கொடுக்கிற ஏற்பாடு. இடையிடையே “அப்புறம் நரி என்ன சொல்லிச்சு?” என்று பாட்டி நிறுத்த, குழந்தை எடுத்துக்கொடுக்கும். 1988-இல் வைட்ஹர்ஸ்ட் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும், பெரியவர் வாசிக்கக் குழந்தை வெறுமனே கேட்பதைவிட, குழந்தையைச் சொல்லவைத்து, அது சொன்னதை நீட்டிச் சொல்லி வாசித்தால் பேச்சு விரைவாக வளர்கிறது என்று பரிசோதனையில் காட்டினார்கள். உம் கொட்டிக் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

கதையின் மொழியிலும் ஒன்று கவனிக்க வேண்டும். பாட்டி “ராஜா இருந்தார்” என்று சொல்வதில்லை. “ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம். அவருக்கு ஏழு பொண்ணாம்” என்பார். அந்த ‘ஆம்’ ஒட்டிக்கொண்ட கணமே குழந்தைக்குத் தெரிந்துவிடும், இது நேற்று தெருவில் நடந்த விஷயம் இல்லை, கேள்விப்பட்டது, வேறோர் உலகத்தது. மூன்று வயதுப் பிள்ளை பொம்மைக்குக் கதை சொல்லும்போது தானாகவே ‘ஆம்’ போட்டுச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அன்றாடப் பேச்சுக்கு அப்பால் இன்னொரு வகைத் தமிழ் உண்டு என்பதை முதலில் கற்பிப்பது அந்த ஈரெழுத்து ஒட்டுதான்.

குழந்தையின் பருவங்களை மொழியோடு சேர்த்துப் பார்க்கும் கண் நமக்குப் பழையது. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில், தால் என்றால் நாக்கு. நாவை அசைத்துப் பாடுவதிலிருந்துதான் தாலாட்டு வந்தது என்பார்கள். சப்பாணிப் பருவத்தில் கை கொட்டச் சொல்லிப் பாட்டு, அம்புலிப் பருவத்தில் நிலாவை விளையாட அழைக்கிறார்கள். சாம, பேத, தான, தண்டம் என்று நான்கு உபாயங்களாலும் நிலாவிடம் வாதாடுவது அந்தப் பருவத்தின் மரபு. மொட்டைமாடியில் ஒரு கையில் சோற்றுக்கிண்ணமும் இடுப்பில் பிள்ளையுமாக நின்று, “வரியா, இல்லாட்டி பாப்பாவே எல்லாத்தையும் சாப்பிட்டுரும்” என்று நிலாவை மிரட்டுகிற அம்மா செய்வதும் அதேதான். பதில் பேசாத நிலாவுக்காகப் பிள்ளையே பதில் சொல்லும்.

இனி ஒலிக்கு வருவோம். வாசிக்கக் கற்கும் முன் குழந்தை சொல்லைப் பொருளிலிருந்து பிரித்து வெறும் ஒலியாகக் கேட்கப் பழக வேண்டும். ‘எறும்பு பெரிய சொல்லா, யானை பெரிய சொல்லா?’ என்று கேட்டால் நாலு வயதுக் குழந்தை யானை என்றே சொல்லும், ஏனென்றால் அதன் மனக்கண்ணில் மிருகம் நிற்கிறது. ஒலி நிற்பதற்குக் கொஞ்ச காலம் ஆகும். தமிழில் இந்த ஒலியுணர்வு எப்படி வளர்கிறது என்பதற்கு ஆங்கிலத்தைப் பற்றிய ஆய்வுகள் முழுதாகப் பொருந்தாது. ஆங்கிலத்தில் தனித்தனி ஒலியன்கள், அதாவது சொல்லின் பொருளை மாற்றும் மிகச்சிறு ஒலிகள், முக்கியம். நம் எழுத்து உயிரும் மெய்யும் ஒட்டிய உயிர்மெய். கன்னடக் குழந்தைகளை ஆராய்ந்த சோனாலி நாக் 2007-இல் காட்டியது நமக்கும் பயன்படும்: இவ்வகை எழுத்துகளில் அசையைப் பிரித்துணரும் திறன் முதலில் வருகிறது, ஒலியனைப் பிரிக்கும் திறன் மெல்ல மெல்லப் பின்தொடர்கிறது, எழுத்துகள் முழுவதும் வசப்படத் தொடக்கப்பள்ளியின் பல ஆண்டுகள் பிடிக்கின்றன. முதல் வகுப்பு முடிவதற்குள் 247 எழுத்தும் தெரிந்திருக்க வேண்டும் என்று அவசரப்படுகிறவர்கள் இதைக் கொஞ்சம் மனதில் வைக்க வேண்டும்.

அசைக்கும் எழுத்துக்கும் இடையிலும் ஒரு தடுக்கல் இருக்கிறது. பட்டம் என்று சொல்லிக் கைதட்டச் சொன்னால் குழந்தை இரண்டு தட்டு தட்டும்: பட், டம். எழுதினால் ப, ட், ட, ம் என்று நாலு எழுத்து. அந்தப் புள்ளி எழுத்துகளுக்குக் காதில் தனித் தட்டு கிடையாது. அதனால்தான் பிள்ளைகள் படம் என்று எழுதிவிட்டுப் பட்டம் என்று வாசிப்பார்கள். கவனக்குறைவு என்று அடிக்கோடு போடுவதைவிட, பட்டம், படம் என்று இரண்டையும் சொல்லவைத்து, நாக்கு எங்கே நின்று அழுத்துகிறது என்று கேட்டுப்பார்த்தால் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

வடிவத்திலும் சிக்கல் உண்டு. கெ என்று எழுதும்போது காதில் முதலில் வருவது ககரம், கையில் முதலில் வருவது கொம்பு. கொ என்றால் ஒலி ஒன்று, குறி இரண்டு பக்கமும். 1978-இல் வந்த எழுத்துச் சீர்திருத்தம் ணை, லை, ளை, னை, ணா, றா, னா ஆகியவற்றின் தனி வடிவங்களை நீக்கிச் சுமையைக் கொஞ்சம் குறைத்தது. ஆனாலும் கு, சு, டு, து, மு, ரு என்று உகர வரிசை ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுழியோடு அப்படியே இருக்கிறது. ஒரே ககரம் கடலில் ஒரு மாதிரியும், தங்கத்தில் ஒரு மாதிரியும், மகனில் இன்னொரு மாதிரியும் ஒலிக்கிறது. இதைப் பார்த்து மலைக்க வேண்டாம். மொழி வாயில் வலுவாக இருக்கும் குழந்தை, சொல் என்னவென்று தெரிந்திருப்பதால், சரியான ஒலியைத் தானே பொருத்திக்கொள்ளும். தங்கம் என்ற சொல்லைக் காதால் அறியாத குழந்தைதான் அங்கே திணறும். எழுத்து கற்பதற்கும் பேச்சுதான் கைவிளக்கு என்பது இந்த இடத்தில் தெளிவாகிறது.

ஒலியோடு விளையாட நமக்குத் தனிப் பாடத்திட்டம் தேவையில்லை. கடைசி எழுத்தில் தொடங்கி அடுத்த சொல் சொல்லும் ஆட்டம் இருக்கிறது, அது அந்தாதியின் சின்னப்பிள்ளை. வியாழக்கிழமை வாழைப்பழம் என்று வேகமாகச் சொல்லி நாக்கு தடுமாறும் போட்டி இருக்கிறது. “வெள்ளை மாளிகைக்கு வாசல் இல்லை” என்றதும் முட்டை என்று கத்துகிற விடுகதை இருக்கிறது. கொஞ்சம் பெரிய பிள்ளைகள் பெரியவர்களுக்குப் புரியாமலிருக்க ஒவ்வோர் எழுத்துக்கு முன்னும் ஒரு ‘க’ சேர்த்துப் பேசும் க-பாஷை இருக்கிறது. சொல்லைச் சரியாக எழுத்தெழுத்தாக உடைக்கத் தெரிந்தால்தான் அந்த பாஷை வரும். வகுப்பில் அதைப் பேசினால் நாம் அதட்டுகிறோம்.

சென்னைக்கு இதில் ஒரு பழைய கதை உண்டு. எழும்பூரில் ஆண் அனாதைப் பிள்ளைகளுக்கான காப்பகத்தை 1789 முதல் மேற்பார்த்த ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்தார். பிள்ளைகளே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறையோடு அது 1797-இல் லண்டனில் அச்சாகி, ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் போனது. திண்ணைப் பள்ளியில் எழுத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் மணலில் இழுப்பார்கள். சொல்லும் வாயும், கேட்கும் காதும், இழுக்கும் விரலும் ஒன்றாக வேலை செய்யும். தப்பானால் தடவி அழித்துவிடலாம். அந்தப் பள்ளிகளில் அடியும் உண்டு, அர்த்தம் புரியாத மனப்பாடமும் உண்டு, எல்லாச் சாதிப் பிள்ளைகளும் அங்கே உட்கார முடிந்ததும் இல்லை. அவற்றை மறைத்துவிட்டுப் பழமையைப் புகழ எனக்கு மனமில்லை. ஆனால் மூன்று வயது விரலுக்குப் பென்சிலைவிட மணல் பொருத்தம் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

இன்றைய நிலை என்ன? ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-இல் தொடங்கியது. தமிழ்நாட்டில் இன்று 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. 1982-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் பிள்ளைகளை மையத்துக்கு வரவழைத்தது. வயிற்றுக்கு நாம் செய்தது சின்ன விஷயமில்லை, அதில் இந்த மாநிலம் பெருமைப்படலாம். காதுக்கும் வாய்க்கும் அதே அக்கறை வந்துசேரவில்லை. ஒரு பணியாளரும் ஓர் உதவியாளரும் எடை பார்க்கிறார்கள், வளர்ச்சிக் குறிப்பு எழுதுகிறார்கள், கர்ப்பிணிகளுக்கு இணை உணவு கொடுக்கிறார்கள், பதிவேட்டையும் கைபேசிச் செயலியையும் நிரப்புகிறார்கள். இதற்கிடையே இருபது குழந்தைகளிடம் ஒவ்வொருவராகப் பேச நேரம் எங்கே? அந்த அட்டைக்கு முன் “தப்பு” என்ற டீச்சரை நான் குறைசொல்ல மாட்டேன்.

பெற்றோரின் ஆசை இன்னொரு பக்கம் இழுக்கிறது. அங்கன்வாடியில் விளையாடுகிறார்கள், தனியார் நர்சரியில் எழுதுகிறார்கள் என்ற எண்ணத்தால் மூன்று வயதிலேயே பிள்ளைகள் வேனில் ஏறுகிறார்கள். 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கியது இந்த ஆசைக்கு அரசு கொடுத்த பதில். 2022-இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பாட்டுக்கும் கதைக்கும் பொம்மலாட்டத்துக்கும் வகுப்பில் இடம் கொடுத்தது. நல்ல திருப்பம்தான். ஆனால் பேச்சின் விதை விழுவது அதற்கு மூன்று நாலு ஆண்டுகள் முன்னால்.

ஆங்கிலம் வேண்டுமே என்று கேட்கிற பெற்றோருக்கு ஒரு வார்த்தை. முதல் மொழியில் ஆழமாகப் பேசவும் சிந்திக்கவும் பழகிய திறன் இரண்டாம் மொழிக்கும் போய்ச் சேரும் என்பதை 1979 முதலே இருமொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் வலியுறுத்திவந்தார். “கமான், ஈட்” என்று உடைந்த ஆங்கிலத்தில் பத்துச் சொல் பேசுவதைவிட, நன்றாகத் தெரிந்த தமிழில் அந்த எறும்பின் வீட்டைப் பற்றிப் பேசுவது பின்னால் ஆங்கிலத்துக்கும் உதவும். சிங்கப்பூரில் வேறு மாதிரிக் கவலை எழுந்தது. பள்ளியில் எழுத்துத் தமிழ் மட்டுமே ஒலித்தால் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுவதையே விட்டுவிடுவார்கள் என்று உணர்ந்து, 2005-இல் அங்கே பாடத்திட்ட மறுஆய்வுக் குழு பேச்சுத் தமிழை வகுப்பறைக்குள் கொண்டுவரப் பரிந்துரைத்தது. பேச்சுத் தமிழைக் கொச்சை என்று ஒதுக்கிவைக்கும் நாம் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வயதாகியும் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசாத குழந்தையை, “ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்” என்று விட்டுவிடாதீர்கள். முதலில் காது நன்றாகக் கேட்கிறதா என்று மருத்துவரிடம் காட்டுங்கள்.

சரி, எலயையும் இலையையும் என்ன செய்வது? குழந்தைக்குப் புத்தகத்தைப் புத்தகத்தின் மொழியிலேயே வாசித்துக் காட்ட வேண்டும். “முயல் வசித்து வந்தது” என்று படித்து, நிறுத்தி, “அதாவது அங்கதான் இருந்துச்சு” என்று பேசி, திரும்ப வரிக்கு வர வேண்டும். இரண்டு தமிழுக்கும் இடையே ஒரு நாளைக்கு நாலுமுறை போய்வந்தால் காது பழகிவிடும். அதே கதையைப் பத்தாவது முறை கேட்டாலும் சலிக்காமல் படியுங்கள். ஒரு வரியைத் தாண்டிவிட்டால் குழந்தை கண்டுபிடித்துவிடும். தாள்மொழி அதன் மனதில் பதிந்துவிட்டதற்கு அதுவே அடையாளம்.

சில வாரம் கழித்து அதே மையத்துக்குப் போனேன். டீச்சரிடம் இந்த எகர விதியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததில், அவரே ஒரு யோசனை செய்தார். பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, நேற்று வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டார். முன்பு முகம் வாடிய சிறுமி, “எங்க ஆடு எல தின்னுச்சு” என்றாள். டீச்சர் அதை அப்படியே கரும்பலகையில் எழுதினார், ஒரு எழுத்தும் மாற்றாமல். விரலை ஓட்டி வாசித்தார். தான் சொன்னது சுவரில் நிற்பதைப் பார்த்து அவள் பக்கத்துப் பிள்ளையை இடித்துக் காட்டினாள். பிறகு அதற்குக் கீழே “எங்கள் ஆடு இலை தின்றது” என்று எழுதி, “இது நீ சொன்னது. இது பொஸ்தகம் சொல்றது” என்றார் டீச்சர்.

அவள் எழுந்து போய்க் கரும்பலகையை வெகுநேரம் பார்த்தாள். இரண்டு வரியிலும் ஒரே மாதிரி இருந்த ஆடு மேல் முதலில் கை வைத்தாள். பிறகு எல என்பதைத் தொட்டாள், இலை என்பதைத் தொட்டாள்.

“ரெண்டும் வேப்பல தான டீச்சர்?”

“ஆமா கண்ணு.”

சாக்பீஸை வாங்கி, இரண்டு வரிக்கும் கீழே நீளமாக ஒரு கிறுக்கல் கிறுக்கினாள். என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டோம். “ஆடு இன்னும் பசிக்குதுங்குது” என்றாள்.